அக்கா தேர்ந்தெடுத்த ஏழு இடங்கள்

இந்த நினைவு மலரின் அட்டைப் படத்தைப் பார்த்துச் சிலர் முகம் சுளிப்பீர்கள் என்று தெரியும். பட்டுப் புடவையில் எடுத்த படங்கள் அக்காவுக்கு நிறைய உண்டு. அவற்றில் ஒன்றைத்தான் சித்தப்பாவும் போடச் சொன்னார். நான் போட்டிருப்பது, கோணல் தொப்பியோடும் இடது கையில் பிளாஸ்திரியோடும் பிரமிடின் முன் பல் தெரியச் சிரிக்கும் அக்கா. இந்தக் குடும்பம் அவரை அப்படித்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்து வளர்ந்தது சிங்கப்பூரின் தேக்காவில். பிள்ளைகளில் மூத்தவர். அப்பா தவறியதும் படிப்பை நிறுத்திவிட்டு, சிராங்கூன் சாலையில் ஒரு விமான டிக்கெட் ஏஜென்சியில் வேலைக்குச் சேர்ந்தார். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், "மொதல்ல இதுங்க கரையேறட்டும்" என்று எங்களைக் காட்டினார். நாங்கள் கரையேறினோம். ஊரையே விமானம் ஏற்றிவிட்ட அக்கா மட்டும் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஜொகூரைத் தாண்டவில்லை. கடைசித் தம்பிக்கும் வேலை கிடைத்து, இனி ஊர் சுற்றலாம் என்று அவர் நினைத்த வேளையில் சிறுநீரகம் கைவிட்டது.

அதன்பின் வாரம் மூன்று நாள், செங்காங்கில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ரத்தச் சுத்திகரிப்பு. ஊசி ஏற்றிய கையை அசைக்காமல் மணிக்கணக்கில் நாற்காலியில் கிடக்க வேண்டும். அங்கேதான் அக்காவும் பக்கத்து நாற்காலி மலாய்க்காரம்மாவும் உலகின் தலைசிறந்த ஏழு இடங்களைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினார்கள். ஏற்கெனவே உலகம் ஒப்புக்கொண்ட ஏழு அதிசயங்கள் அவர்களிடம் செல்லுபடியாகவில்லை.

"அத முடிவு பண்ணவங்களுக்குக் கிட்னி நல்லா இருந்திச்சு லா," என்பார் அக்கா.

அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான். எவ்வளவு பெரிய அதிசயமானாலும் பக்கத்தில் டயாலிசிஸ் மையம் இருக்க வேண்டும். மலையுச்சி நகரங்கள் அடிபட்டுப் போயின. தாஜ் மகால் தேறியது. மலாய்க்காரம்மாவின் பிடிவாதத்தால் இந்தோனேசியாவின் பொரோபுதூர் நுழைந்தது. பதிலுக்கு அக்கா தஞ்சைப் பெரிய கோயிலை நுழைத்தார். முதலிடம் பிரமிடுக்கு. அதோடு விடவில்லை, போயே தீருவது என்று கிளம்பிவிட்டார்.

சித்தப்பா வீடு தேடி வந்து சத்தம் போட்டார். "இருக்கிற உடம்புக்கு இது தேவையா? பாலைவனத்துல போயி விழுந்தா யாரு தூக்குறது?"

"சித்தப்பா, டாக்டர் என்னைய தண்ணியே அளந்துதான் குடிக்கச் சொல்லியிருக்காரு. பாலைவனத்துக்கு என்னைவிடப் பழகுன ஆளு யாரு இருக்கா?"

மருத்துவர் சம்மதித்தார். கெய்ரோவில் ஒரு மையத்தில் இடமும் கிடைத்தது. நானும் கூடப் போனேன். வெயிலில் வழிகாட்டி ஓயாமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அக்கா ஒரு மிடறு வாங்கிக் கொப்பளித்துத் துப்பிவிட்டு நடந்தார். பிரமிடின் அடியில் ஒரு கல்லே அவர் தோள் உயரம் இருந்தது. அதன்மேல் பிளாஸ்திரிக் கையை வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"போட்டோவுல பாத்ததவிட அழுக்காத்தான் இருக்கு. ஆனா வந்துட்டேன்டி," என்றார். அழுதது நான்தான்.

திரும்பி வந்து ஓராண்டுக்கும் மேல் இருந்தார். அவ்வளவு நாளும் தாஜ் மகாலுக்குத் திட்டம் போட்டபடி இருந்தார். ஒரு விடியற்காலையில் உறக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது. அவரைக் கிடத்தியிருந்த கூடத்திலேயே ஒரு குரல் கேட்டது: "எகிப்து போகாம இருந்திருந்தா இன்னும் ரெண்டு வருஷம் இருந்திருப்பா." யார் சொன்னது என்று எழுத மாட்டேன், சொன்னவருக்குத் தெரியும். மருத்துவர் அப்படிச் சொல்லவில்லை. சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அந்த இரண்டு வருடமும் எந்த நாற்காலியில் கழிந்திருக்கும் என்று யோசித்தீர்களா? எங்களைக் கரையேற்றவே அக்கா பிறந்தார் என்பதுபோல் பேசுகிறீர்கள். தனக்கென்று ஒன்றே ஒன்றுக்கு ஆசைப்பட்டார், அதை அடைந்தார். அதற்காக நாங்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.

அக்காவைக் கவனித்துக்கொண்ட தாதியருக்கும், மொழி தெரியாமலே கெய்ரோவில் அவர் கையைப் பற்றிக்கொண்ட தாதிக்கும், துக்க நாட்களில் சமைத்துத் தந்த அண்டை வீட்டாருக்கும், அத்தனை சத்தம் போட்டும் விமான நிலையம்வரை தம் காரிலேயே எங்களைக் கொண்டுவந்து விட்ட சித்தப்பாவுக்கும் எங்கள் நன்றி.

இம்மலர் வரப்போவதைச் சொல்ல, போன வாரம் செங்காங் மையத்துக்குப் போயிருந்தேன். அக்காவின் நாற்காலியில் புதிதாக ஒரு தமிழ்ப் பெண். முதல் நாள் போலும், அழுதுகொண்டிருந்தார். அக்காவிடம் கற்ற அரைகுறைத் தமிழில் மலாய்க்காரம்மா அவரைக் கேட்டார்:

"அழுதது போதும் லா. நீ சொல்லு, மொதல்ல எங்க போகணும்?"