கடதாசியில் ஏறாத வரி

“இது ஏன் மகள் கடதாசில இல்ல?”

போன மாரியில் வாப்பா கேட்ட கேள்வி இது. ஒரு வருடமாகியும் அவருக்கு உண்மையான பதிலைச் சொல்ல என்னால் முடியவில்லை. காரணம் எனக்குத் தெரியும். அதை ஒரு வாப்பாவிடம் எந்த வாயால் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

எங்கள் வீடு மருதமுனையில், பெரிய தெருவிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் இருக்கிறது. எனக்குச் சீதனமாகத் தந்த வீடு. உம்மாவும் வாப்பாவும் அதே வளவுக்குள் பின்னால் ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு அங்கே போய்விட்டார்கள். கலியாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்தபோது என் கணவர் ஒரு பெட்டி உடுப்பும், ஒரு பழைய சாம்பல் நிறக் காரும் கொண்டுவந்தார். அவர் உழவு இயந்திரங்கள் திருத்துகிறவர். யாரோ கோழி அடைத்து வைத்திருந்த காரை வாங்கி, தன் கையாலேயே ஓட வைத்தார். சீட்டில் சில இடங்களில் கோழி கொத்திய அடையாளம் இன்னும் இருக்கிறது.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு வந்து சாப்பிட்டதும், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு காரை வேப்ப மரத்தின் கீழ் நிறுத்தி டியூன் பண்ணுவார். கழற்றுகிற திருகாணிகளைப் போட பிஸ்கட் டின் மூடியை ஏந்திக்கொண்டு நான் பக்கத்தில் நிற்பேன். பிளக், பொயின்ட், காபரேட்டர் என்று ஒவ்வொன்றையும் காட்டிச் சொல்வார். எனக்கு ஒரு தடவை சொன்னால் போதாது, மூன்று தடவை கேட்பேன். உயர்தரம் வரை படித்த காலத்திலும் அப்படித்தான். விடைத்தாளைக் கொடுத்துவிட்டு வந்து, எழுதியது சரியா என்று இரவெல்லாம் யோசிப்பேன். அவர் சலிக்காமல் மூன்றாவது தடவையும் சொல்வார்.

மகனுக்கு ஒரு வயது முடிந்தபோது அவர் சவூதிக்குப் போனார். காரை வாப்பாவிடம் ஒப்படைத்தார். வாப்பா இருபது வருடம் நெல் லொறி ஓட்டியவர். ஓட்டுவது தவிர வேறொன்றும் அவருக்குத் தெரியாது. “மூடியத் தொறந்தா எனக்கு உள்ளுக்கு இருட்டுத்தான்” என்று அவரே சொல்வார்.

அங்கிருந்து கடிதம் வருவது குறைந்து கசட் வரத் தொடங்கியது. எங்கள் ஒழுங்கையில் சவூதிக்கு ஆள் போன வீடு எல்லாவற்றிலும் இதே கதைதான். ஏ பக்கம் எல்லோருக்கும். உம்மா, வாப்பா, மாமி, பக்கத்து வீட்டார் எல்லோரும் வந்து உட்கார்ந்து கேட்பார்கள். பேருக்குப் பேர் சலாம் சொல்லி முடிக்கவே நாடாவில் பாதி போய்விடும். பி பக்கம் மனைவிக்கு. அப்படி யாரும் எழுதி வைப்பதில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். ஏ பக்கம் நின்றதும் உம்மா “உலைய வெச்சிட்டு வந்தன்” என்று எழும்பிப் போவார். வாப்பாவுக்கு அந்த நேரம் பார்த்துத்தான் ஆட்டுக்குக் குழை ஒடிக்கிற ஞாபகம் வரும். நான் கசட் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விடுவேன். கேட்டு முடிந்ததும் அதே கசட்டில் எங்கள் பதிலைப் பதிந்து, லீவில் வந்து திரும்புகிற யாரிடமாவது கொடுத்துவிடுவோம். அவர் சொன்னதெல்லாம் அத்தோடு அழிந்துபோகும்.

போன மாரி தொடங்கியபோது மகனுக்கு இழுப்பு வந்தது. மூன்று வயதுப் பிள்ளை. மழை இரண்டு நாள் விடாமல் பெய்தால் விடியற்காலையில் நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கும். உடனே கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கொண்டுபோக எங்களிடம் இருந்தது அந்தக் கார்தான். அதுவும் அந்த மாரியில் மகனோடு சேர்ந்து இருமத் தொடங்கியது. காலையில் ஸ்டார்ட்டரைப் பத்துத் தடவை இழுத்தால்தான் உயிர் வரும், வந்தாலும் உதறும்.

கராஜில் விட்டால் ஒரு கிழமையாவது வைத்துக்கொள்வார்கள். அந்தக் கிழமைக்குள் இழுப்பு வந்தால்? கார் வளவை விட்டுப் போகக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். அது சரியா என்று இப்போதும் யோசிக்கிறேன். அந்த முறை பதில் பதியும்போது ரேடியோவைக் காருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்து, வாப்பாவை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, இருமல் முழுவதையும் பதிந்து அனுப்பினேன். மகன் என் இடுப்பில் இருந்தான். அவனுடைய மூச்சும் அதில் பதிந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

ஆறு கிழமைக்குப் பிறகு பதில் வந்தது. ஏ பக்கத்தில் வழமையான சலாம்கள். பி பக்கத்தில் முதல் வார்த்தையே இதுதான்: “புள்ள, ரெண்டு இழுப்பும் கேட்டன். கார்ர இழுப்புக்கு நான் மருந்து சொல்றன். மத்தத உடனே டொக்டரிட்டக் காட்டு.”

அதன் பிறகு டியூன் பண்ணுகிற முறையைச் சொல்லத் தொடங்கினார். கார் வேலை எங்கள் இரண்டு பேருக்கும் இடையிலுள்ள ஒன்று என்று நினைத்திருப்பார், அதனால்தான் பி பக்கத்தில் சொன்னார். ஆனால் அவர் பி பக்கத்தில் எப்போதும் பேசுவது போலவே பேசினார். பிளக்கைப் பற்றி இரண்டு வரி, என்னைப் பற்றி நாலு வரி. காபரேட்டருக்குப் போகும் வழியில் என் கலியாண நாள் சாரியைப் பற்றி ஒரு பேச்சு.

இதை வேப்ப மரத்தின் கீழ், வாப்பாவை வைத்துக்கொண்டு போட முடியுமா? அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, சத்தத்தைக் குறைத்து, காதை வைத்து, நிறுத்தி நிறுத்திக் கடதாசியில் எழுதினேன். வாப்பாவின் கண்ணாடிக்குத் தெரியும்படி பெரிய எழுத்தில், இலக்கம் போட்டுப் பதினேழு வரி. கார் சம்பந்தப்பட்டதை எழுதினேன், மற்றதைத் தள்ளினேன். அரிசியில் கல் பொறுக்குகிற வேலைதான். எது கல், எது அரிசி என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும் என்று நினைத்தேன்.

மழை விட்ட ஒரு வெள்ளிக்கிழமை வேலையைத் தொடங்கினோம். வாப்பா முக்காலியில் இருந்து, வானொலிச் செய்தி வாசிப்பவரைப் போல வாசித்தார். “இலக்கம் மூன்று. பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றவும். வயர்களுக்கு அடையாளம் வைக்கவும்.”

அடுத்த வீட்டுத் தறியிலிருந்து நாலு நிற நூல் வாங்கி வைத்திருந்தேன். நாலு வயருக்கும் நாலு நிறம் கட்டினேன்.

“காருக்கும் தாயத்துக் கட்டுறியா?” என்றார் வாப்பா.

உம்மா குசினி வாசலில் நின்று பார்த்தார். “என்னகா இது? கையப் பாரு, கரிச்சட்டி மாதிரி. இவள் படிச்சது இதுக்கா?”

“நீ போய் உலையப் பாரு. வாத்தியார் வாசிக்கக்குள்ள கதைக்கப்படாது” என்றார் வாப்பா.

பிளக்குகளைக் கரி போகத் தேய்த்துத் துடைத்தேன். அந்த வயர்கள் போய்ச் சேரும் கறுப்பு மூடியின் இரண்டு கிளிப்பையும் தட்டி, உள்ளே இருந்த பொயின்டைச் சேன்ட் பேப்பரால் மெதுவாகத் தேய்த்தேன். பொயின்ட் என்பது திறந்து மூடுகிற இரண்டு சின்ன இரும்புப் பொட்டுகள். அவை முழுதாகத் திறக்கும்போது நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதில்தான் காரின் மூச்சு இருக்கிறது என்று அவர் சொல்வார். வாப்பா காருக்கு முன்னால் போய், எஞ்சினைச் சுற்றுகிற ஹேண்டிலைப் போட்டு மெல்லச் சுற்றினார். பொட்டுகள் முழுதாகத் திறந்த இடத்தில் “நில்லுங்க வாப்பா” என்றேன். பதினைந்து என்று எழுதியிருந்த மெல்லிய தகட்டை இடையில் விட்டுச் சரிபார்த்துத் திருகாணியை இறுக்கினேன். மூன்று தடவை மூன்று பக்கத்திலிருந்து குனிந்து பார்த்தேன், இறுக்குவதற்கு முன்.

அஸர் தொழுகைக்கு வாங்கு சொல்லும் நேரம் எல்லாவற்றையும் பூட்டி முடித்தோம். வாப்பா பிஸ்மி சொல்லி இழுத்தார். முதல் இழுவையிலேயே கார் பிடித்தது. உம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்று பின்னேரமே கசட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சொன்னதெல்லாம் அழிந்து, என் பெருமை அதில் ஏறியது. அடுத்த நாள் அது சவூதிக்குப் போய்விட்டது.

ஐந்தாம் நாள் விடியற்காலை, சுபஹுத் தொழுகைக்குப் பிறகு மகனுக்கு இழுப்பு வந்தது. முந்தியதை விடக் கடுமை. விலா எலும்புக்கு நடுவில் தோல் உள்ளே போய் வந்தது. கார் உடனே பிடித்தது. அல்ஹம்துலில்லாஹ் என்றேன். கல்முனைக்குப் போகும் வழியில், பாண்டிருப்புக்குள் போகும்போது ஒரு தடவை விக்கியது. பிறகு இரண்டு தடவை. தெருவோரத்தில் ஒரு வேலியோடு நின்றே விட்டது. தூறிக்கொண்டிருந்தது. வாப்பா இழுத்தார், இழுத்தார், பிடிக்கவில்லை. அந்த நேரத்தில் பஸ்ஸும் இல்லை.

வாப்பா சட்டைப் பையிலிருந்து கடதாசியை எடுத்தார். கண்ணாடி போட்டு முதலாம் வரியிலிருந்து பதினேழாம் வரி வரை வாசித்தார். “எல்லாம் செஞ்சமே மகள்? ஒண்டும் விடல்லியே?”

மகன் என் தோளில் கிடந்தான். அவன் மூச்சு என் காதுக்குள் விசிலடித்தது. நானும் அந்தப் பதினேழு வரியையும் மனதுக்குள் ஓட்டினேன். ஒன்றும் விடவில்லை. பிறகு கடதாசியை விட்டுவிட்டு கசட்டை ஓட்டினேன். அந்தக் குரல், நான் முகம் சிவந்து நிறுத்திய இடங்கள். திருகாணியை இறுக்கச் சொல்லிவிட்டு அவர் சொன்னார்: “உன்ட கையில கிறீஸ் படுமே எண்டு நினைச்சா எனக்கு இஞ்ச சோறு எறங்குதில்ல.” அதற்கடுத்து ஒன்று சொன்னார், அதை நான் இங்கேயும் எழுதமாட்டேன். இரண்டுக்கும் நடுவில், அதே குரலில், அதே மூச்சில்: “இறுக்கக்குள்ள அது அசையும் புள்ள, மறுகா ஒருக்காப் பாரு.”

அது பொயின்டைப் பற்றிய வார்த்தை. நான் அதையும் கல் என்று தள்ளியிருந்தேன்.

“வாப்பா, மகன வாங்குங்க” என்றேன். வாப்பா அவனைத் தோளில் போட்டு, குடையை எஞ்சினுக்கு மேலே பிடித்தார். மீன் பெட்டி கட்டிய சைக்கிளில் ஒருவர் வந்து நின்றார்.

“என்ன காக்கா, பொம்புளப் புள்ளைய வேலைக்கு விட்டுட்டுக் குடை புடிக்கிறீங்க?”

“இவதான் மெக்கானிக். நான் குடைக்காரன். கொஞ்சம் அந்த ஹேண்டிலச் சுத்துங்க தம்பி, புள்ளைக்கு மூச்செடுக்க ஏலாம இரிக்கி.”

அவர் அதற்குப் பிறகு பகிடி விடவில்லை. சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு வந்து சுற்றினார். மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பொட்டுகள் முழுதாகத் திறந்தும் நடுவில் ஒரு மயிர் போகுமளவுதான் இருந்தது. இறுக்கும்போதே அசைந்திருக்கிறது. ஐந்து நாள் ஓட்டத்தில் மிச்சமும் ஒடுங்கியிருக்கிறது. தகட்டை வைத்து, இறுக்கி, மறுபடியும் தகட்டை விட்டுப் பார்த்தேன். அசைந்துதான் இருந்தது. திரும்பவும் தளர்த்தி, இறுக்கிப் பார்த்தேன். இந்தத் தடவை தகடு பிடித்தும் பிடிக்காமலும் வழுக்கி வந்தது.

கார் பிடித்தது. “கெட்டிக்காரி தங்கச்சி. கெதியாப் போங்க” என்று மீன்காரர் கையைக் காட்டினார். அவருக்கு ஒரு நன்றி சொன்னேனா என்று எனக்கு ஞாபகமில்லை.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, பகல்வரை வைத்திருந்தார்கள். இழுப்புத் தணிந்து மகன் தூங்கினான். இன்னும் கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருக்கலாம் என்று நர்ஸ் ஒருவர் சொன்னார். எவ்வளவு முந்தி என்று நான் கேட்கவில்லை. பாண்டிருப்பில் எவ்வளவு நேரம் நின்றோம் என்று மட்டும் திரும்பத் திரும்பக் கணக்குப் பார்த்தேன்.

திரும்பி வரும்போதுதான் வாப்பா அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“இறுக்கினாப் பொறகு மறுகா பாக்கணும் எண்டு மருமகன் சொல்லிரிக்காரா?”

“ஓம் வாப்பா.”

“இது ஏன் மகள் கடதாசில இல்ல?”

“மறந்து போச்சு வாப்பா.”

“நீ மறக்கிற ஆளில்லையே.”

வீட்டுக்கு வந்ததும் வாப்பா கடதாசியை விரித்து, பதினேழாம் வரிக்குக் கீழே தன் கையெழுத்தில் அந்த வரியைச் சேர்த்தார். சேர்த்துவிட்டுச் சொன்னார்: “அடுத்த தடவ நீ எழுத வேணாம். கசட்ட மரத்துக்குக் கீழ வெச்சுப் போடு. நானும் கேக்கிறன். நாலு காது கேட்டா ஒண்டும் தப்பாது.”

அவர் சொன்னது சரிதான். பிள்ளையின் மூச்சுக்கு முன்னால் என் வெட்கம் எம்மாத்திரம்? அன்றைக்கு அதை இப்படி நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் கைவிரல் ரேடியோவின் பொத்தானில் நின்றுவிடுகிறது. இதுவரை கடதாசியிலுள்ள வரிகளையே வைத்து நாங்கள் இரண்டு பேரும் சமாளித்தோம்.

இப்போது இந்த வருட மாரி தொடங்கிவிட்டது. எஞ்சினுக்குள் ஏதோ டிக் டிக் என்று அடிக்கிறது. அந்தச் சத்தத்தையும் பதிந்து அனுப்பியிருந்தேன். நேற்றுக் கசட் வந்தது. அறைக்குள் ஒரு தடவை கேட்டேன். வால்வு சரிபண்ணுகிற முறை முழுவதும் பி பக்கத்தில்தான், நடுவில் மற்றதெல்லாம் போன முறையை விட அதிகம். வாப்பா கண்ணாடியைத் துடைத்து வைத்துவிட்டார். முக்காலி மரத்தின் கீழ் வந்துவிட்டது. தலைவலி என்று சொல்லி ஒரு நாள் தள்ளியிருக்கிறேன்.

கார் விஷயத்தை ஏ பக்கத்தில் தனியாகச் சொல்லுங்கள் என்று அவருக்குச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவர் சொன்னதை நான் வெட்கப்பட்டுத் தள்ளியதால்தான் மகன் தெருவில் கிடந்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னால், இனி அவர் பி பக்கத்திலும் வால்வை மட்டும் பேசுவாரோ என்று பயமாக இருக்கிறது. சொல்லாமல் விட்டால் இன்னொரு வரியைக் கல் என்று தள்ளிவிடுவேனோ என்று அதைவிடப் பயமாக இருக்கிறது.

இதை வாசிக்கிறவர்களில் கணவரைத் தூரத்துக்கு அனுப்பிவிட்டு இப்படிக் கசட் கேட்கிற சகோதரிகள் பலர் இருப்பீர்கள். நீங்கள் என்ன செய்கிறீர்கள்? அவர் மனம் நோகாமல், அந்தப் பேச்சும் நின்றுபோகாமல், இதை எந்தச் சொல்லால் சொல்லலாம்? வாப்பாவிடம் நான் என்ன சொல்லட்டும்? மழை பலப்படுவதற்கு முன் யாராவது எனக்கு எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.