இரண்டு கரை மச்சான்கள்

யாழ்ப்பாணச் சிறையில் சித்தப்பாவைப் பார்க்க வந்த ஒரே ஆள், புட்டும் பொரித்த மீனும் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்தார். சித்தப்பா அதைத் தொடவில்லை. ஜெகதாப்பட்டினம் திரும்பியதும் என்னிடம் முதலில் சொன்னது அதைத்தான்.

வந்தவர் அந்நியர் இல்லை. அங்கே சண்டை நடந்த காலத்தில் குடும்பத்தோடு தப்பி வந்து, எங்கள் வீட்டுப் பின்கட்டில் சில வருடங்கள் இருந்தவர். சித்தப்பாவின் கிழிந்த வலைகளை உட்கார்ந்து சரிசெய்து கொடுப்பார். இருவரும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அவர் மகள் பள்ளியில் என் பக்கத்தில் உட்காருவாள். தாய்மாமன் இல்லாத எனக்கு அவர் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்தினார்கள். சண்டை ஓய்ந்ததும் ஊருக்குப் போய்விட்டார்.

பிறகு சித்தப்பா சொந்தமாக விசைப்படகு வாங்கினார். எங்கள் பக்கத்துக் கடலை நாங்களே இழுவலை போட்டு வழித்தெடுத்திருந்தோம். மீன் இருந்த இடத்துக்குப் போனார். எல்லை தாண்டியதாகப் பிடிபட்டார்.

சிறையில் மச்சானைக் கண்டதும் அழுதுவிட்டாராம். “ஒங்க மீனவர் சங்கத்துல சொல்லி போட்டை மட்டும் விடச் சொல்லுங்க மச்சான். அதுதான் எங்க பொழப்பு” என்று கேட்டிருக்கிறார்.

“நீங்கள் போட்ட சோத்தை நான் மறக்கேல்லை மச்சான். ஆனா போட்டை விடச் சொல்ல என்னால ஏலாது. உங்கட போட்டுகள் வந்து என்ர வலை முழுக்க அறுத்துப் போட்டுது. விடக்கூடாதெண்டு மறியல் இருந்ததில நானும் ஒருத்தன்.”

சித்தப்பாவை விட்டார்கள், படகை விடவில்லை. இப்போது ஐஸ் கம்பெனியில் கட்டி உடைக்கிறார். மீனவர் கூட்டமென்றால் மேடையேற்றிச் சால்வை போடுகிறார்கள். தொப்புள்கொடி உறவு என்று ஒருவர் முழங்குவார். அடுத்தவர் இலங்கைக்குப் பாடம் புகட்ட வேண்டும் என்பார். டெல்லியும் கொழும்பும் பேசிக் கைகுலுக்கும் படம் பேப்பரில் வரும். அறுந்த வலையைப் பற்றியும் போன படகைப் பற்றியும் யாரும் வாய் திறப்பதில்லை. ஒரே மொழி பேசுவதால் எங்களுக்கு ஆன பயன் ஒன்றுதான்: ஏசினால் உடனே புரிந்துவிடுகிறது.

போன மாதம் யாழ்ப்பாண மச்சானின் மகள் எனக்குப் போன் செய்தாள், தன் பெண்ணுக்குக் காதுகுத்தென்று. “அப்பாவுக்கு மச்சானோட கதைக்கோணுமாம்” என்றாள். ஸ்பீக்கரில் போட்டுச் சித்தப்பாவிடம் நீட்டினேன்.

“கடல்ல மீன் படுதா மச்சான்?” என்றார் சித்தப்பா.

“உங்கட ஆக்கள் வராத நாளில படுது.”

சித்தப்பா போனை என் கையில் கொடுத்துவிட்டு, ஈரக் கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.