துரைக்கு இன்னைக்கு லீவு

கல்யாண வீட்டில் மற்றப் பெண்கள் மணப்பெண்ணின் கழுத்தையும் காதையும் எடைபோட்டுக்கொண்டிருக்க, வீரம்மா வாசல் நிலையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பெண் நிமிர்ந்தபடியே உள்ளே வந்துவிட்டால் அந்தக் கல்யாணத்தில் அவளுக்கு அக்கறை போய்விடும். பந்தியில் இடம் பிடிக்க எழுந்துவிடுவாள். தலை இடிக்காமலிருக்கப் பெண் கொஞ்சம் குனிந்துவிட்டால் போதும். ஆரத்தித் தட்டுக்காரியை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்து, மணப்பெண்ணின் உள்ளங்கையை விரித்துப் பார்ப்பாள். ரேகை பார்க்கிறாள் என்று பெண் வீட்டார் பயபக்தியோடு நிற்பார்கள். அவள் பார்ப்பது விரல் நீளம்.

வீரம்மாவுக்கு நாற்பத்தேழு வயது. அரவேணுவுக்குக் கீழே மூலைப்பாறை எஸ்டேட்டில் இருபத்தெட்டு வருஷமாகக் கொழுந்து பறிக்கிறாள். அந்த எஸ்டேட்டின் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு அவள்தான் கேப்டன். முன்பு அங்கே இருந்த மேனேஜரின் மனைவி கல்லூரிக் காலத்தில் ஆடியவர். மலையில் பொழுது போகாமல் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீட்டுப் பெண்களுக்கு ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, கணவருக்கு மாற்றல் வந்ததும் போய்விட்டார். அவர் போய் இருபது வருஷமாகிறது. அவருக்குப் போகாத பொழுது இவர்களுக்கு இன்றுவரை போதவில்லை.

பத்திரிகைக்காரர்கள் யாராவது வந்தால், தோளுக்குப் பின்னால் பாராமலே கொழுந்தைக் கூடையில் போடுகிற கைக்குக் கூடைப்பந்து தானாக வந்துவிட்டதா என்று தவறாமல் கேட்கிறார்கள். வீரம்மாவுக்கு இதைப் போல ஆத்திரமூட்டும் கேள்வி வேறில்லை. "கொழுந்துக் கூடை நான் போற எடமெல்லாம் முதுகுலயே வருதுங்க. அந்த வளையம் வருதுங்களா?" என்று கேட்டுவிட்டு வேலைக்குத் திரும்பிவிடுவாள்.

முழங்கால் வலி என்ற சொல் அவள் வாயில் வராது. வலது முழங்காலுக்குத் துரை என்றும், இடதுக்குக் கங்காணி என்றும் பெயர் வைத்திருக்கிறாள். "துரைக்கு இன்னைக்கு லீவுங்க. கங்காணிதான் பாத்துக்கறான்" என்றால், அன்று அவளால் வலப்பக்கம் திரும்ப முடியாது என்று அணிக்குப் புரியும். மழைக்காலத்தில் இரண்டு பேரும் சேர்ந்தே லீவு போடுவதுண்டு. அப்போது கையை வீசிக்கொண்டு, யாரையோ திட்டப் போகிறவளைப் போல வேகமாக நடப்பாள். நொண்டுவது தெரியாமலிருக்க அவள் கண்டுபிடித்த உபாயம் அது.

ஒன்பது முறை தோட்ட மகளிர் கோப்பையை வாங்கியிருந்த அணி அது. ஆனால் ஒன்பதாவது கோப்பைக்குப் பிறகு எட்டு வருஷம் எதுவும் வரவில்லை. போன வருஷத் தையில் முதல் சுற்றிலேயே ஜெகதளாப் பெண்களிடம் நாற்பத்தொன்றுக்குப் பன்னிரண்டு என்று தோற்றார்கள். ஜெகதளா அணியில் இருபத்திரண்டைத் தாண்டியவர் யாருமில்லை. மூலைப்பாறையில் நாற்பதைத் தாண்டாதவர் யாருமில்லை.

அதற்குப் பிறகுதான் போட்டியை நடத்தும் விழாக் கமிட்டிச் செயலாளர் சுப்பண்ணன் கடிதம் எழுதினார். நல்ல மனிதர், கடிதமும் நல்ல கடிதம்தான். மூத்த சகோதரிகளின் உடல்நலம் கருதி அவர்களுக்கென்றே லெமன் ஸ்பூன் ஓட்டமும் மியூசிக்கல் சேரும் ஏற்பாடு செய்திருப்பதாகவும், பரிசாக எவர்சில்வர் டப்பா உண்டு என்றும் எழுதியிருந்தார். வீரம்மா குன்னூர் போய் அவரை நேரில் பார்த்தாள். அரை மணி நேரப் பேச்சில் ஒரு சமரசம் பிறந்தது. இன்னும் ஒரு வருஷம் ஆடிக்கொள்ளலாம். முதல் சுற்றில் தோற்றால், அதன் பிறகு ஆயுள் முழுக்க எலுமிச்சம்பழம்தான்.

"மரியாதையா ஒதுங்கிக்கிறது நல்லதுங்களே, வீரம்மா" என்றார் சுப்பண்ணன்.

"மரியாதைங்கிறது வாயில ஸ்பூன வெச்சுட்டு நடக்கறதுங்களாண்ணா?"

ஆனியிலிருந்து ஐப்பசி வரை மழை. மைதானத்தில் பாசி பிடித்துவிடும், பந்தைத் தொட முடியாது. அணி ஆடாத அந்த மாதங்களில்தான் வீரம்மா உண்மையில் ஆடுகிறாள். போட்டி விதிப்படி, ஆடுகிறவள் அந்தந்த எஸ்டேட்டின் லைன் வீட்டில் குடியிருக்க வேண்டும். வெளியூர்ப் பெண்ணை லைன் வீட்டுக்குக் கொண்டுவர நியாயமான வழி ஒன்றுதான் உண்டு. ஆகவே, அந்தச் சமரசத்துக்குப் பிறகு, மூலைப்பாறையில் எந்தப் பையனுக்கு மீசை முளைத்தாலும் அவன் தாய்க்கு முன்னால் வீரம்மா கவனித்துவிடுவாள்.

அப்படித்தான் போன மழைக்காலத்தில், பக்கத்து வீட்டுக் காளியம்மாளின் மகனுக்குக் காரமடைப் பக்கத்திலிருந்து மாரியாயியைக் கொண்டுவந்தாள். ஐந்தடி பத்தங்குலம். மாப்பிள்ளை அவள் தோளுக்கு இருந்தான். ஜோடிப் பொருத்தம் பற்றிக் காளியம்மாள் முனகியபோது, "உம்பட பையனுக்கு வெயில் படாதுக்கா" என்று சமாதானம் சொன்னாள். ஆவணியில் கல்யாணம், தையில் ஆட்டம். இடையில் இருக்கும் ஐந்து மாதம், மழை நாள் போனாலும், பந்து பழகப் போதும் என்று அவள் கணக்குப் போட்டாள். ஐந்து மாதத்தில் வேறென்ன நடக்கும் என்று எஸ்டேட் முழுக்கத் தெரிந்திருந்தது, அவளைத் தவிர.

இன்னொரு ஆளை அவள் தேடிப் போகவில்லை. தபித்தாள் சேரங்கோடு அரசுத் தோட்டத்திலிருந்து வந்தவள், சிலோனிலிருந்து எழுபத்து நாலில் கப்பலேறியவள். தன் வேலையை மகனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, மூலைப்பாறையில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டோடு வந்துவிட்டாள். ஒரு நாள் மழை விட்ட நேரத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் எறிந்த பந்து காலடிக்கு உருண்டு வந்தது. எடுத்தாள், இரண்டு கையாலும் நெற்றிக்கு மேலே தூக்கினாள், விட்டாள். பந்து பலகையில் படாமல், வளையத்திலும் படாமல், உள்ளே இறங்கியது. அவள் அடுத்த துணியை உதறினாள். பிள்ளைகள் வேண்டுமென்றே மறுபடி உருட்டினார்கள். ஏழு முறை. மூன்றாவது முறையே வீரம்மா கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"சிலோன்ல நாங்க நெட்போல் வெளையாண்டது தானே" என்றாள் தபித்தாள், ஏதோ தப்புச் செய்துவிட்டவளைப் போல. "அதுக்குப் பலகை இல்ல. கம்பி வளையம் மட்டுந்தான்."

வயதைக் கேட்டபோது நாற்பத்தொன்பது என்றாள். மூப்பினால் தோற்ற அணிக்குப் புதிதாகச் சேர்ந்தவள், இருந்தவர்களையெல்லாம்விட மூத்தவள். அரவேணு டீக்கடைகளில் இது ஒரு வாரத்துக்குப் போதுமான சிரிப்பாக இருந்தது.

சிரிப்புக்கு வேறு காரணங்களும் கிடைத்தன. தபித்தாள் பழகிய ஆட்டத்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடக் கூடாது. வாங்கிய இடத்தில் நின்றுவிட வேண்டும். எதிராளி மூன்றடி தள்ளி நிற்க வேண்டும். பாசியைச் சுரண்டிவிட்டுப் பயிற்சி தொடங்கிய முதல் நாள், எஸ்டேட் டிஸ்பென்சரி நர்ஸ் லோயிஸ் பந்தைப் பறிக்க அவள் முகத்துக்கு நேரே பாய்ந்தாள். தபித்தாள் ஒரு கணம் திகைத்துவிட்டு, பந்தை அவள் கையிலேயே கொடுத்துவிட்டாள். "அவ்வளவு கிட்ட வந்து கேட்டா எப்படிக் குடுக்காம இருக்கது?" என்றாள்.

வீரம்மா அதற்குக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. நடுவில் மாரியாயி இருந்தாள். ஐந்தடி பத்தங்குலம் இருக்கும்போது மற்றவர்கள் எப்படி ஆடினால் என்ன?

மார்கழியில், இலை எடை போடும் இடத்தில் மாரியாயி ஓரமாகப் போய் வாந்தியெடுத்தாள். மாலையில் லோயிஸ் செய்தியை உறுதிப்படுத்திவிட்டு, "டிஃபென்ஸ் சொல்லிக்குடுத்தீங்களே வீரக்கா, அவ ஊட்டுக்காரனுக்கும் சேத்துச் சொல்லியிருக்கோணும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். வீரம்மா சிரிக்கவில்லை. அன்று கையை வீசிக்கொண்டு நடக்கவும் இல்லை. நொண்டிக்கொண்டே வீட்டுக்குப் போனாள். கணவன் சுடலைமுத்து ஃபாக்டரியில் ட்ரையர் பார்ப்பவன், அதிகம் பேசாதவன். எலுமிச்சம்பழ ஓட்டத்தில் அவள் எப்படியும் முதலாவதாக வருவாள் என்று ஆறுதலாகச் சொல்லிப் பார்த்தான். அன்று இரவு அவனுக்கு ரசம் கிடைக்கவில்லை.

மறுநாள் அவள் மைதானத்துக்குப் போனபோது தபித்தாள் தனியாகப் போட்டுக்கொண்டிருந்தாள். பந்து பத்துக்கு ஒன்பது விழுந்தது. வீரம்மா வெகுநேரம் பார்த்தாள். பிறகு லோயிஸையும், லைன் கடை ரசியாவையும், ரசியாவின் நாத்தனார் நசீராவையும் கூப்பிட்டாள். ரசியாவும் நசீராவும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான்கு வருஷமாகப் பேசிக்கொள்ளாதவர்கள். பந்து மட்டும் அவர்களுக்குள் தடையில்லாமல் போய்வரும்.

"நம்மளால ஓட முடியாதுங்கிறது ஊருக்கே தெரியும்" என்றாள் வீரம்மா. "நிக்க முடியுமுல்ல? தபித்தாளச் சுத்தி நில்லுங்க. மூணடி எடத்த அவியளுக்கு ரெஃபரி குடுக்க மாட்டாரு, நாம குடுப்போம். அசையாம நின்னா ஃபவுல் இல்ல. அசைஞ்சாத்தான்."

அசையாமல் நிற்பது எவ்வளவு கடினம் என்று அந்த ஒரு மாதத்தில் நால்வரும் கற்றுக்கொண்டார்கள். மாரியாயி மூன்றடி தள்ளி நின்று இரண்டு கைகளையும் உயர்த்திக்கொள்வாள். அந்த விரல்களுக்கு மேலாகத் தபித்தாள் போட்டுப் பழகினாள். ஆக, ஐந்தடி பத்தங்குலம் வீணாகவில்லை.

தை மாதப் போட்டி குன்னூரில். சீட்டு எடுத்தபோது முதல் சுற்றில் மறுபடியும் ஜெகதளா. மைதான ஓரத்தில், மூலைப்பாறையின் பெஞ்சுக்குப் பக்கத்திலேயே, சுப்பண்ணன் ஒரு மேஜை போட்டிருந்தார். அதன் மேல் ஒரு தட்டு நிறைய எலுமிச்சம்பழமும், ஒரு கட்டு ஸ்பூனும். அன்று கடைசி நிகழ்ச்சி மூத்தோர் ஓட்டம்.

மூலைப்பாறைப் பெண்கள் பந்துகளையும் துண்டுகளையும் கொழுந்துக் கூடையில் போட்டுத் தூக்கி வந்திருந்தார்கள். சுடலைமுத்து வழக்கம்போல உள்ளே வரவில்லை. அவனுக்கு ஆட்டம் பார்க்கும் தைரியம் கிடையாது. வெளியே ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்று, சத்தத்தை வைத்தே கணக்குத் தெரிந்துகொள்வான்.

பாதி ஆட்டம்வரை அவனுக்கு நல்ல சத்தம் எதுவும் கேட்கவில்லை. தபித்தாளைச் சுற்றி நால்வரின் சுவர் எழுவதற்குள் ஜெகதளாப் பெண்கள் அதைச் சுற்றி ஓடிவிட்டார்கள். இடைவேளையில் பதினேழுக்கு எட்டு. ஒரு பெண் நெருங்கி வந்தபோது தபித்தாள் ரெஃபரியைத் திரும்பிப் பார்த்து, "ஐயா, இந்தப் புள்ளைய கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க" என்றதற்கு மைதானமே சிரித்தது. லோயிஸ் வீரம்மாவின் வலது காலைப் பார்த்தாள்.

"துரை என்னங்கறான் வீரக்கா?"

"லீவு கேட்டான். குடுக்கல."

மூன்று மணிக்கு மேல் மூடுபனியாக மஞ்சு இறங்கியது. குன்னூரில் அதற்காக ஆட்டத்தை நிறுத்துவதென்றால் எந்த ஆட்டமும் முடியாது. தரை ஈரமானது. ஓடுகிறவர்களுக்கு வழுக்கியது, நிற்கிறவர்களுக்கு வழுக்கவில்லை. வெள்ளைப் பலகை வெள்ளை மஞ்சுக்குள் கரைந்துபோனது. பலகையில் அடித்து உள்ளே தள்ளிப் பழகிய ஜெகதளாப் பெண்களின் பந்துகள் எங்கெங்கோ போயின. சிவப்புப் பெயின்ட் அடித்த வளையம் மட்டும் அந்தரத்தில் தொங்கியது. தபித்தாளுக்கு வேறெதுவும் என்றைக்கும் வேண்டியிருந்ததில்லை. வாங்கினாள், நின்றாள், போட்டாள். சிரித்தவர்கள் எண்ணத் தொடங்கினார்கள். வெளியே சுடலைமுத்து முதல் முறையாக ரோட்டுக்கு முதுகைக் காட்டினான்.

கடைசி நிமிஷத்தில் இருபத்தைந்துக்கு இருபத்துநாலு. ஜெகதளா ஒன்று கூடுதல். நசீரா பந்தை ரசியாவுக்குக் கொடுத்தாள். ரசியா தபித்தாளுக்குக் கொடுத்தாள். ஜெகதளாவின் நெட்டைப் பெண் வலப்பக்கமிருந்து, துரையின் பக்கமிருந்து, முழு வேகத்தில் வந்தாள். வீரம்மா விலகினால் தபித்தாள் பந்தை அந்தப் பெண்ணின் கையிலேயே கொடுத்துவிடக்கூடும். அசைந்தால் ஃபவுல். வீரம்மா இரண்டு கைகளையும் மார்போடு கட்டிக்கொண்டு நின்றாள். அந்த இளம் உடம்பு வந்து மோதியபோது பெஞ்சிலிருந்த மாரியாயி கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது விழுந்திருந்தது அந்தப் பெண்தான். வீரம்மா நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் தலைக்கு மேலாகப் போன பந்து சத்தமில்லாமல் வளையத்துக்குள் இறங்கியது.

மறுநாள் கோப்பையையும் வாங்கினார்கள், பதினோரு புள்ளி வித்தியாசத்தில். இப்போது அது வீரம்மா வீட்டு டி.வி.க்கு மேலே இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்டால் அவளிடம் சொல்வதற்கு எதுவுமில்லை. முதல் நாள் சாயங்காலத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் சுடலைமுத்துவை டீ போடச் சொல்லிவிட்டுக் கதையைத் தொடங்குவாள்.

அந்தச் சாயங்காலம், இருபத்தாறுக்கு இருபத்தைந்தில் விசில் ஊதி முடிந்ததும், ரசியா நசீராவைக் கட்டிக்கொண்டு, பிறகு நினைவு வந்தவளாக விட்டுவிட்டாள். வீரம்மா, விழுந்த பெண்ணைத் தூக்கிவிட்டு, அவள் பாவாடையைத் தட்டிவிட்டு, பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊன்றிச் சுப்பண்ணனின் மேஜைக்கு வந்தாள். மறைக்காமல் நன்றாக நொண்டினாள்.

"இதெல்லாம் யாருக்குங்ண்ணா?"

சுப்பண்ணன் தட்டைப் பார்த்தார். "மூத்தவங்களுக்குங்க" என்றார்.

"அவிய வர்றப்ப வரட்டும். நான் ஒண்ணு எடுத்துக்கறேன்."

கட்டை விரலால் அழுத்திப் பார்த்து, சந்தையில் எடுப்பதைப் போல இரண்டை வேண்டாமென்று வைத்து, மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தாள். படிக்கட்டில் அணி உட்கார்ந்திருந்தது. தபித்தாள் ஃபிளாஸ்கிலிருந்து பால் கலக்காத டீயை, அவள் பேச்சில் பிளேன் டீயை, டம்ளர்களில் ஊற்றிக்கொண்டிருந்தாள். வீரம்மா துரையை மெல்ல நீட்டி உட்கார்ந்து, பழத்தைப் பல்லால் கடித்துப் பிளந்து, ஒவ்வொரு டம்ளரிலும் அளவாகப் பிழிந்தாள்; மாரியாயிக்குக் கொஞ்சம் கூடுதலாக. பிறகு, தன் டம்ளரை வாயருகே கொண்டுபோனபடியே, பிழிந்த தோலைத் தோளுக்குப் பின்னால், மேல் படியிலிருந்த கொழுந்துக் கூடையின் பக்கமாக எறிந்தாள். அது எங்கே விழுந்தது என்று திரும்பிப் பார்க்கவில்லை.