செல்விக்கு இடம் கேட்டு நோர்வூட்டிலிருந்து நுவரெலியா

போன ஆடியில, மழை கொஞ்சம் ஓய்ஞ்ச ஒரு திங்கட்கிழமை, என் தங்கச்சி பாக்கியத்தையும் அவ மகள் செல்வியையும் கூட்டிக்கிட்டு நுவரெலியா போனேன். செல்விக்கு எட்டு வயசு, பிறவியிலேயே காது கேட்காது. தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார், "இவளை வச்சு நான் என்ன பண்றது?" என்று கையை விரிச்சுட்டார். காது கேட்காத பிள்ளைகளைத் தங்க வச்சுப் படிப்பிக்கிற இடம் நுவரெலியாவுல இருக்குன்னு தோட்டத்துல மருந்து குடுக்கிற டிஸ்பென்சர் ஐயாதான் சொன்னார். நம்ம லயத்து வீடுகள்ல இப்படிப் பிள்ளைகள் இன்னும் இருக்கு. போறவங்களுக்கு உதவட்டும்னு எழுதுறேன். நான் படிச்சது மூணாம் வகுப்பு. பிழை இருந்தா உங்க வீட்டுப் பிள்ளைங்ககிட்ட திருத்தக் குடுங்க, அதுகளுக்கும் பெருமையா இருக்கும்.

நோர்வூட்டிலிருந்து அட்டனுக்கு எட்டு மைல். காலை ஆறு மணி பஸ்ஸைப் பிடிங்க. அடுத்ததை நம்பினா ரயில் போயிரும். டிரைவர் செல்வியைப் பார்த்து, "என்னண்ணே, பொண்ணு வாயே திறக்க மாட்டேங்குது?" என்று கேட்டார்.

"உன் பஸ்ஸுல ஏறினா யாருக்குத்தான் தம்பி பேச்சு வரும்?" என்றேன். அன்னைக்குப் பாக்கியம் சிரிச்சது அந்த ஒரு தடவைதான்.

அட்டனிலிருந்து நானுஓயாவுக்கு ரயில். கொட்டகலைக்கு முன்னால ஒரு நீளச் சுரங்கம் வரும். இருட்டுல எல்லாரும் கூச்சல் போட்டாங்க. செல்வியோட எங்க பேச்செல்லாம் கையாலதான், கை தெரியலேன்னா அவளுக்கு யாருமே இல்லை. வெளிச்சம் வர்ற வரைக்கும் பாக்கியம் அவ கையைத் தன் கன்னத்தோட அழுத்தி வச்சிருந்தா. நானுஓயாவுல இறங்கி அஞ்சு மைல் பஸ். மூணு பேருக்குச் சாப்பாட்டோட பத்து ரூபாய் இருந்தா போதும். கம்பளி கட்டாயம்.

பள்ளிக்கூடம் பழைய பங்களா, பலகைத் தரை. சிங்கள டீச்சரம்மா செல்வியை நாற்காலியில உட்கார வச்சுட்டு, பின்னால போய் ஒரு மேளத்தை ஓங்கி அடிச்சாங்க. செல்வி எந்திரிச்சா. கம்பளியை உதறி மடிச்சா. போய் வாசல்ல ஒழுங்கா நின்னா.

டீச்சரம்மா மேளத்தைக் கீழே வச்சுட்டாங்க. "காது கேட்குது. புத்திதான் போதலை. இங்க இடம் குடுக்க முடியாது."

நான் கடைத்தெருவுல பொறுக்கின சிங்களத்துல சொன்னேன்: "நோனா, அவ பெரட்டுக்கு நிக்கிறா." தோட்டத்துல விடியக்காலம் பெரட்டுக்கு, அதான் வேலைக்குப் பேர் போடுற இடத்துக்கு, ஆள் கூட்டத் தப்பு மேளம் அடிப்பாங்க. அந்த அதிர்வு லயத்துத் தரையில ஏறிப் பாய்க்கு வரும். செல்வி அதுலதான் முழிப்பா. கம்பளியை மடிச்சுட்டு, வேலைக்குப் பேர் போடப் போற அம்மா பின்னால நிப்பா. இதையெல்லாம் அவங்களுக்கும் சொன்னேன். "உங்க மேளம் அவளைக் கொழுந்தெடுக்கக் கூப்பிட்டுருச்சு நோனா."

அந்தம்மா சிரிக்கலை. செருப்பைக் கழட்டிட்டுப் பலகையில நின்னு, என்னை அடிக்கச் சொன்னாங்க. அடிச்சேன். பலகை அதிர, குனிஞ்சு தன் காலையே பார்த்தாங்க. அப்புறம் செல்வியைப் புல்தரைக்குக் கூட்டிப்போய், பின்னால நின்னு அடிச்சாங்க. அவ ஒரு பூச்சியைப் பார்த்துக்கிட்டே இருந்தா.

"இடம் தர்றேன்" என்றாங்க.

"தமிழ்ல சொல்லிக் குடுப்பாங்களான்னு கேளுண்ணே" என்றா பாக்கியம்.

கேட்டேன். தமிழ் தெரிஞ்ச டீச்சர் ஒருத்தரும் இல்லையாம். எழுத்து, வாயசைவைப் பார்த்துப் புரிஞ்சுக்கிறது, எல்லாம் சிங்களத்துலதான்.

"அப்ப என் வாயைப் பார்த்தா அவளுக்கு என்னண்ணே தெரியும்?"

நான் முற்றத்துப் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

முற்றத்துல நாலஞ்சு பிள்ளைகள் கையால பேசிச் சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. செல்வி அந்தக் கைகளையே பார்த்தா. பாக்கியம் செல்வியைப் பார்த்தா. அப்புறம் மகளோட துணிப் பொட்டலத்தை டீச்சரம்மாகிட்ட கொடுத்துட்டா.

சொல்லாம நழுவிருங்க, அழ மாட்டான்னு அங்க இருந்த ஆயா சொன்னாங்க. பாக்கியம் கேட்கலை. மகள் முன்னால குந்தி, மத்தாப்பு சுத்துற மாதிரி விரலைச் சுத்திக் காட்டினா, தீபாவளிக்கு வந்து கூட்டிப்போறேன்னு.

போறவங்களுக்கு ரெண்டு சொல்றேன். பிள்ளை எப்படி வளர்ந்துச்சுன்னு சோதிக்கிறதுக்கு முன்னாலயே சொல்லிருங்க. தமிழ் டீச்சர் வேணும்னு வாய்விட்டுக் கேளுங்க. நான் ஒருத்தன் கேட்டா கிறுக்கன், எல்லாரும் கேட்டா பதில் சொல்லித்தான் ஆகணும்.

பாக்கியம் இப்ப கொழுந்தெடுத்துட்டு மலையிலிருந்து இறங்கினதும் சிங்கள முதலாளியோட மளிகைக் கடைக்குப் போய், ஒரு நாளைக்கு ஒண்ணாச் சிங்கள வார்த்தை கேட்டுட்டு வர்றா. நேத்து 'சாப்பிட வா'. கண்ணாடி முன்னால நின்னு, அதைச் சிங்களத்துல 'கண்ட எண்ட'ன்னு சத்தமில்லாம வாயை அசைச்சுப் பழகினா.

"என்ன புள்ள, சோறு எனக்கா?"

"உன்னை எந்தப் பாஷையிலயும் கூப்பிட வேணாம், தானா வருவே" என்றா. கண்ணாடியை விட்டுத் திரும்பலை.