யார் சுட்டது என்று கேட்ட பிறகு

தம்பியைப் பறிகொடுத்த ஒரு பெண்ணின் கையில் வேறு யாரோ பெற்ற பிள்ளையின் படத்தைக் கொடுத்து ஆர்ப்பாட்டத்தில் நிற்க வைத்தவன் நான். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் ஒரு விருந்து. எங்கோ ஒரு மாணவன் கொல்லப்பட்டது பற்றிப் பேச்சு வந்தது. 'ஐயோ' என்பதற்கு முன்பே ஒருவர் கேட்டார் — "யார் சுட்டாங்களாம்?" பதிலைப் பார்த்துவிட்டுத்தான் அவர் வருத்தப்படப் போகிறார்! எனக்குக் கோபம் வரவில்லை. நானும் கேட்டவன்தானே...

எண்பதுகளின் நடுவில், நியூ ஜெர்சி. எங்கள் தமிழ் அமைப்புக்கு நான் தலைவர். இலங்கையில் ராணுவம் இளைஞர்களைச் சுட்டுக் கொன்ற செய்தி வந்தால் நியூயார்க் போய்க் கோஷம் போடுவோம். இறந்தவர்களின் படங்களை அட்டையில் ஒட்டுவது ரஞ்சினியின் வேலை (பெயரை மாற்றியிருக்கிறேன்). யாழ்ப்பாணத்துப் பெண், ஆஸ்பத்திரி லேபில் உத்தியோகம். என் வீட்டு பேஸ்மென்ட்டில் உட்கார்ந்து, யார் யார் பிள்ளைகளையோ சுருக்கம் விழாமல் ஒட்டுவாள்.

ஒரு முறை அவளே ஒரு படம் கொண்டுவந்தாள்.

"என்ர தம்பி, அங்கிள்."

பத்தொன்பது வயது. எந்தப் போராளி இயக்கத்திலும் இல்லை. இரண்டு இயக்கங்கள் மோதிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு நண்பனைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான். நண்பன் ஒரு இயக்கம், வழிமறித்தவர்கள் இன்னொன்று. இருவரையும் சுட்டுவிட்டார்கள். சுட்டவர்கள் தமிழர்கள்.

பொருளாளர் என்னைத் தனியே இழுத்தார். "சார், இதைத் தூக்கிட்டு நின்னா அவ்ளோதான். 'உங்களுக்குள்ளயே சுட்டுக்கறீங்க, அப்புறம் என்ன ப்ரொடெஸ்ட்'னு பிரஸ்காரன் கேப்பான்."

நியாயமாகத்தான் பட்டது. "இப்ப வேண்டாம்மா, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றேன்.

"ஆமி சுட்டாத்தான் பிள்ளையோ, அங்கிள்?"

ஒட்டி வைத்திருந்த அட்டைகளில் ஒன்றை அவளிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் முழுக்க அதைத் தூக்கிக்கொண்டு நின்றாள். ஒரு நிருபர், "உங்கள் சகோதரனா?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள் — "யெஸ்."

அதற்கப்புறம் அவள் வரவில்லை. அந்த 'யெஸ்' மட்டும் போகவில்லை.

அடுத்த வருஷம் அஞ்சலிக் கூட்டத்தில் அவள் தம்பியின் பெயரைச் சொன்னேன். அக்கா இங்கே நியூ ஜெர்சியில்தான் இருக்கிறாள் என்றேன். யார் சுட்டது என்பதையும் மறைக்கவில்லை. பாதி ஹால் எழுந்து போனது. பதவியும் போனது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது — அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

சில வாரம் கழித்து ரஞ்சினி போன் பண்ணினாள்.

"ஊரில இயக்கக்காரர் அம்மாட்ட வந்து கேட்டவங்களாம், அமெரிக்காவில உங்கட மகள் என்ன கதை கதைச்சுக்கொண்டு திரியிறா எண்டு. அம்மா பயத்தில வீட்டைப் பூட்டிப்போட்டு மாமா வீட்ட போயிட்டா. என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே, அங்கிள்?"

கேட்டிருக்கலாம். வாயை மூடிக்கொண்டபோதும் கேட்கவில்லை, திறந்தபோதும் கேட்கவில்லை. முதலில் அந்தப் பையன் என் போராட்டத்துக்கு இடைஞ்சல். அப்புறம் என் மனசாட்சிக்கு மருந்து. அவன் அவளுடைய தம்பி என்பது எப்போது என் நினைவுக்கு வந்தது?

இதை எழுதட்டுமா என்று இந்த வாரம் அவளைக் கேட்டேன்.

"எழுதுங்கோ. அவன்ர பேர் மட்டும் வேண்டாம்."

எழுதவில்லை.