வெயிலில் வந்த ஆறு

ஐப்பசி மாதம், காலை 7.10. வவுனியாவில் ஏறிய பஸ் கனகராயன்குளத்தில் என்னை இறக்கியபோது பேய்மழை. தேநீர்க் கடையில் இரண்டு மணி நேரம் அடைபட்டுக் கிடந்தேன். வவுனியாக் காடுகளில் பிறந்து, வடக்கே ஓடி, இரணைமடுக் குளத்தை நிரப்பிவிட்டுச் சுண்டிக்குளத்தில் கடலைத் தொடும் கனகராயன் ஆற்றைப் பார்க்க வந்தவன் நான். யாழ்ப்பாணத்தானுக்கு ஆறு ஒரு புதினம். எங்களுக்குக் கிணறுதான் எல்லாம்.

பிற்பகல் 1.30. அதே றோட்டில் வடக்கே போய் இறங்கிய மாங்குளத்தில் மழையின் சுவடே இல்லை, வெயில் மண்டையைப் பிளந்தது. குகன் என்ற ஓட்டோக்காரர் எண்ணூறு ரூபாய்க்குக் காட்டுப்பாதையால் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனார். ஆறு வெறும் மணல். கரை மருத மரமொன்றில், என் தலைக்கு மேலே இரண்டு முழ உயரத்தில், வைக்கோலும் கிழிந்த சாரத் துணியும் தொங்கின.

"ஆர் அங்க கட்டினது?"

"ஆறுதான்," என்றார் குகன்.

அக்கரையிலிருந்து ஒருவர் மாடுகளை ஓட்டிக்கொண்டு மணலில் இறங்கினார். இக்கரையில் காத்திருந்த அவர் மனைவி நாகேஸ்வரி என்னைக் கேட்டார்: "மழையோ தம்பி?"

நான் அண்ணாந்து பார்த்தேன். "இல்லையே அக்கா."

"இஞ்சத்தை மழையைக் கேக்கேல்லை. உங்கட பேச்சில தெரியுது, நாங்களும் யாழ்ப்பாணத்து ஆக்கள்தான். வந்த புதுசில இப்பிடித்தான் மேல பாத்தனாங்கள். நீங்கள் வந்த பக்கம் மழையோ?"

"ஓம், கனகராயன்குளத்தில ரெண்டு மணித்தியாலம் கொட்டினது."

அவர் முகம் வெளிறியது. "இஞ்சாருங்கோ, திரும்பி ஏறுங்கோ. மாட்டை விடுங்கோ," என்று இரு கைகளையும் வீசிக் கத்தினார். கணவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வந்த கரைக்கே ஓடினார்.

குருவிகள் அடங்கின. முதலில் ஈரமண் வாசம் வந்தது. பிறகு சருகுகளைத் தள்ளிக்கொண்டு ஒரு நுரைக்கோடு, சத்தமே இல்லாமல். பத்து நிமிடத்தில் அவர் நின்ற இடத்தில் ஆள் தாழும் தண்ணீர். இரண்டு மாடுகள் கரையேறவில்லை. வெயில் மட்டும் அப்படியே காய்ந்தது.

"என்ர மூத்தவன் இந்த ஆத்தோட போன அண்டைக்கும் இப்பிடித்தான் வெயில்," என்றார் நாகேஸ்வரி. அக்கரையில் கணவர் துவாய்த் துண்டை உயர்த்திக் காட்டினார். தண்ணீர் வடியும்வரை இக்கரையிலேயே இருக்கப்போவதாகச் சொல்லி நாகேஸ்வரி மரத்தடியில் அமர்ந்தார்.

நாலு மணிக்குப் புறப்பட்டேன். இப்போது வீட்டுக் கிணற்றடியில் வெயில் சுள்ளென்று அடித்தாலும் பயமாக இருக்கிறது. காலையில் தேநீர் குடித்தபடி நான் வேடிக்கை பார்த்த மழைதான் அது. நான் றோட்டால் வர, அது காட்டுக்குள்ளால் வந்திருக்கிறது. அவர் கேட்காதிருந்தால் நான் சொல்லியிருக்கவே மாட்டேன்.