மாசாயில் எரியும் மூக்குக் கிண்ணம்

கோலாலம்பூரில் காலை எட்டு மணிக்கு ஏறிய பேருந்து, ஜொகூர் பாருவின் லார்கின் நிலையத்தை அடைந்தபோது மணி பன்னிரண்டரை. அங்கிருந்து மாசாய்க்கு வாடகைக் கார். ஏறக்குறைய இருபது கிலோமீட்டர், இருபத்து நான்கு ரிங்கிட்.

"பீங்கான் வாங்கவா அண்ணே இவ்ளோ தூரம் வந்தீங்க? அலமாக்!" என்றார் ஓட்டுநர். "வீட்ல சோறு திங்கத் தட்டு இல்லையா?"

இருக்கிறது. அறுபதுகளில் ஜப்பானில் செய்தவை. சாம்பல் நிற மூங்கில் இலை, வெள்ளிக்கோட்டு விளிம்பு. பல ஆண்டுகளாக ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். குழம்பு ஊற்றும் கிண்ணம் மட்டும் அகப்படவில்லை. ஒருபுறம் மூக்கு, மறுபுறம் கைப்பிடி கொண்டது அது. அதன் அடித்தட்டு என்னிடம் உண்டு. துடைக்கும்போதெல்லாம், கிண்ணம் உட்காரவேண்டிய பள்ளத்தில் விரல் நின்றுவிடும்.

தொழிற்சாலை ஊழியர் மல்லிகா, அதே இலை போட்ட ஆறு தட்டுகளை விற்பதாக இணையத்தில் படம் போட்டிருந்தார். அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு தட்டைக் கவிழ்த்து அடிமுத்திரையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தேன். சாமி மாடத்தில் அந்தக் கிண்ணம் இருந்தது. நிறைய நல்லெண்ணெய், மூக்கில் திரி எரிந்துகொண்டிருந்தது.

"மாமியார் கல்யாணத்துக்கு வந்த வெளக்கு சார். திரிக்குன்னே மூக்கு வெச்சிருக்கான் பாருங்க, ஜப்பான்காரன்!"

நான் திருத்தவில்லை. தருவீர்களா என்று மட்டும் கேட்டேன்.

மல்லிகா மாடத்தைத் திரும்பிப் பார்த்தார். "எடுத்துக்குங்க. பித்தள வெளக்கு ஒண்ணு சும்மாதான் கெடக்கு. ஆனா எரியுறத நான் அணைக்க மாட்டேன். எண்ணெ தீர்ந்து தானா மலையேறட்டும்."

காத்திருந்தேன். தேநீர் வந்தது, முறுக்கு வந்தது. எண்ணெய் இறங்க இறங்க உள்சுவரின் வெண்மை வெளிப்பட்டது. மூக்கின் கரியைச் சோடா மாவு போட்டுத் தேய்த்தால் போய்விடும் என்று எண்ணிக்கொண்டேன். மூன்றரைக்குச் சுடர் சிறுத்து நடுங்கியது.

வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. ஷிப்ட் முடிந்து வந்த மல்லிகாவின் கணவர், "வாங்க சார்" என்றபடி கால் கழுவினார். நேரே மாடத்துக்குப் போய் எண்ணெய்ப் புட்டியைச் சாய்த்துக் கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பினார். சுடர் நிமிர்ந்தது.

"ஐயோ, என்னங்க பண்றீங்க!" மல்லிகா தலையில் அடித்துக்கொண்டார். "அது தீரணும்னுதான் சார் மத்தியானத்துலேர்ந்து ஒக்காந்திருக்காரு!"

"எனக்கு எப்படித் தெரியும் லா? வந்ததும் கை தானா ஊத்திருது." பிறகு என்னிடம், "ராத்திரி வரைக்கும் எரியும் சார். இருந்து சாப்ட்டுட்டுப் போலாம்" என்றார்.

ஐந்து மணிக்கு என் பேருந்து. தட்டுகளை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். வழியனுப்ப வந்த மல்லிகாவிடம் குரலைத் தாழ்த்தி, "அடுத்த வாரம் அவருக்கு எந்த ஷிப்ட்?" என்று கேட்டேன்.

"அடுத்த வாரமா? லீவு சார். முழுக்க வீட்லதான்."

கார் முனை திரும்பும்வரை, இரும்புக் கம்பிக் கதவுக்குப் பின்னால் சுடர் தெரிந்தது.